அல்வார் லிடெல்: செய்தி வாசித்த குரல்

1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இலண்டன் மாநகரில் டவுனிங் வீதி 10 ஆம் இலக்க இல்லத்தின் ஓர் அறையிலே ஒலிவாங்கியொன்று வைக்கப்பட்டிருந்தது. போலந்து நாட்டிலிருந்து தன் படைகளை மீட்டுக்கொள்ளுமாறு ஜேர்மனிக்கு விடுக்கப்பட்டிருந்த இறுதி எச்சரிக்கையின் தவணை, முற்பகல் 11 மணியுடன் முடிந்துவிட்டது. ஜேர்மனியிடமிருந்து மறுமொழி வரவில்லை. மணி 11.15 ஆனதும், பிரதமர் நெவில் சேம்பர்லேன் பேசப்போகின்றார் என்று நாட்டு மக்களுக்கு ஒருவர் அறிவித்தார். பிரதமர் பேசினார், நாடு போரில் இறங்கிவிட்டது. அவ்வுரையைத் தொடர்ந்து, படமாளிகைகளும் நாடக அரங்குகளும் மூடப்படுமென்றும், எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் இன்னது செய்க என்றும், நச்சுவாயு முகமூடியை எங்கும் எடுத்துச் செல்க என்றும் அரசாங்க அறிவித்தல்கள் வாசிக்கப்பட்டன.

பிரதமரை மக்களுக்கு அறிமுகஞ் செய்த அந்த அறிவிப்பாளருக்கு முப்பத்தொரு வயது நிறைவதற்கு இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. அவர் தம் பெயரைச் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் அன்று பி. பி. ஸி. நிலையத்தில் இருக்கவில்லை. அவர் பெயர் அல்வார் லிடெல். ஆங்கிலேயர் பலர் அக்குரலை அறிந்திருந்தனர். குரலுக்குரியவர் இன்னார் என்பதை மட்டும் அறியாதிருந்தனர்.

பெயர் சொல்லாமை என்பது தற்செயலாக ஏற்பட்ட வழக்கமன்று. பி. பி. ஸி. ஒரு வர்த்தகக் கம்பெனியாக 1922 ஆம் ஆண்டிலே தோன்றி, 1927 ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து அரச சாசனம் பெற்ற கூட்டுத்தாபனமாக மாறியது. அதனை உருவாக்கிய ஜோன் ரீத் என்பவர் ஸ்கொத்லாந்து நாட்டுப் போதகர் ஒருவரின் மைந்தர். கட்டுப்பாட்டை உயிரெனக் கருதியவர். அறிவிப்பாளன் தன் பொருட்டுப் பேசுபவனல்லன், நிலையத்தின் பொருட்டே பேசுகின்றான். ஆதலின் அவன் பெயர் எவருக்கும் வேண்டியதில்லை என்பது அவர் காலத்துக் கொள்கை. மாலை நேர அறிவிப்பாளர்கள் விருந்துக்குச் செல்வோரைப்போலக் கறுப்பு மேலங்கியும் கழுத்துப்பட்டியும் அணிந்து ஒலிவாங்கியின் முன் நிற்றல் வேண்டும் என்ற விதியும் இருந்தது. நேயர் எவரும் காணவியலாத ஒருவருக்கு இத்துணை உடை எதற்கு என்று இன்று கேட்போர் நகைக்கலாம். ஆயினும், உடுத்திருக்கும் உடை பேசும் முறையிலே தன் சாயலைப் பதிக்கும் என்பதை மேடையேறிப் பழகியவர்கள் மறுக்கமாட்டார்கள்.

இத்தகைய நிலையத்தின் குரலாகப் பிற்காலத்தில் மதிக்கப்பட்ட லிடெல், பிறப்பினால் ஆங்கிலேயர் அல்லர் என்பதே வியப்புக்குரிய செய்தி. அவர் 1908 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் நாள் இலண்டனை அடுத்த விம்பிள்டன் பார்க்கிலே பிறந்தார். பெற்றோர் இருவரும் சுவீடன் நாட்டவர். தந்தையார் மரம் இறக்குமதி செய்யும் வணிகர். விம்பிள்டனில் உள்ள கிங்ஸ் கல்லூரிப் பாடசாலையிலும், பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து எக்ஸிற்றர் கல்லூரியிலும் அவர் பயின்றார். இளமையிலேயே இசை கற்றவர், நல்ல பாடகர். 1932 ஆம் ஆண்டில் பேர்மிங்ஹாம் நகரிலிருந்த பி. பி. ஸி. நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே இலண்டனுக்கு மாற்றப்பெற்று, 1937 ஆம் ஆண்டில் துணைத் தலைமை அறிவிப்பாளராக உயர்ந்தார்.

அவர் பேசிய ஆங்கிலம் எது? அது இலண்டன் தெருக்களிற் பேசப்படும் ஆங்கிலமன்று. எந்த மாவட்டத்துக்கும் உரியதன்று. இங்கிலாந்தின் தென்பகுதிச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் விடுதிப் பாடசாலைகளிலும் பழைய பல்கலைக்கழகங்களிலும் கற்றுக்கொண்ட உச்சரிப்பு அது. அறிவிப்பாளர்கள் சொற்களை எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்று ஆலோசனை கூறுவதற்கு 1926 ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அரசவைக் கவிஞர் ரொபேர்ட் பிரிட்ஜஸ் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் அயர்லாந்தில் பிறந்த நாடகாசிரியர் பேர்னாட் ஷோ. செயலாளராகவும் அறிவிப்பாளர்களுக்கு ஆசிரியராகவும் விளங்கியவர் வேல்ஸ் நாட்டவரான ஒலியியல் அறிஞர் ஆதர் லொயிட் ஜேம்ஸ். ஒரு ஸ்கொத்லாந்தியர் நடத்திய நிலையத்திலே, அயர்லாந்தியர் ஒருவர் தலைமை வகிக்க, வேல்ஸ் நாட்டவர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, சுவீடிஷ் பெற்றோரின் புதல்வர் ஒருவர் பேசியதே உலகம் 'பி. பி. ஸி. ஆங்கிலம்' என்று போற்றிய மொழி! அது பிறப்பினால் வந்த உடைமையன்று. பயிற்சியினால் வந்த உடைமை. ஆனால், அப்பயிற்சி எல்லாருக்கும் எட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருந்ததா என்பது வேறு கேள்வி.

எல்லாருடைய குரலும் ஏற்கப்படவில்லை என்பதற்கு ஒரு சான்று 1933 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. லிடெல் இலண்டனுக்கு வந்த அதே ஆண்டில், ஷீலா பொரெற் என்ற பெண்மணி பி. பி. ஸி. தேசிய ஒலிபரப்பிலே முதற் பெண் அறிவிப்பாளராக அமர்த்தப்பட்டார். செய்தியும் வாசித்தார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. சில மாதங்களிலேயே அவர் அப்பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வாசித்தது பிழையென்று சொல்ல முடியவில்லை; செய்தியைப் பெண்குரலிற் கேட்கக் காது பழகியிருக்கவில்லை, அவ்வளவே.

போர் வந்ததும் பெயர் சொல்லாமை என்ற பழைய கொள்கை ஒரு புதிய ஆபத்தை எதிர்நோக்கியது. 1940 ஆம் ஆண்டு கோடையில் பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது. ஜேர்மனியர் கடல்கடந்து இங்கிலாந்தில் இறங்கக்கூடும் என்ற அச்சம் நிலவியது. ஐரோப்பிய நாடுகளிலே படையெடுத்தவர்கள் வானொலி நிலையங்களைக் கைப்பற்றியிருந்தனர். இலண்டனிலும் அவ்வாறு நேர்ந்து, பகைவன் ஒருவன் நல்ல ஆங்கிலத்திலே, 'அரசாங்கம் பணிந்துவிட்டது, ஆயுதங்களைக் கீழே வையுங்கள்' என்று அறிவித்தால் என் செய்வது? அது வீண் கற்பனையுமன்று. ஜேர்மனியிலிருந்து வில்லியம் ஜொய்ஸ் என்பவன் இங்கிலாந்து மக்களை நோக்கி இரவுதோறும் ஆங்கிலத்திலே பிரசாரஞ் செய்துகொண்டிருந்தான். 'ஹோ ஹோ பிரபு' என்ற ஏளனப்பெயரால் அவன் அறியப்பட்டான். அவன் பிறந்த இடம் அமெரிக்காவின் நியூயோர்க், வளர்ந்தது அயர்லாந்தில். இங்கிலாந்திலே கனவான்களின் உச்சரிப்பு பிறரால் கற்றுக்கொள்ளக்கூடியது என்றால், பகைவனாலும் கற்றுக்கொள்ளக்கூடியது அன்றோ?

ஆகவே, செய்தி வாசிப்பவர்கள் தம் பெயரைச் சொல்லத் தொடங்கினர். "இதோ செய்தி, வாசிப்பவர் அல்வார் லிடெல்" என்ற கருத்துடைய தொடக்கம் நாடெங்கும் பழக்கமாயிற்று. இது புகழுக்காகச் செய்யப்பட்டதன்று, காவலுக்காகச் செய்யப்பட்டது. இன்ன பெயருக்கு இன்ன குரல் என்று மக்கள் காதாற் பழகிவிட்டால், பொய்க்குரல் புகுந்தவுடன் அது வெளிப்பட்டுவிடும் என்பதே எண்ணம். ஆனால், எவரும் எண்ணாத ஒன்று நடந்தது. பெயரற்றிருந்த ஊழியர்கள் சில வாரங்களிலே நாட்டின் புகழ்பெற்ற மனிதர்களாகிவிட்டனர். லிடெல், புரூஸ் பெல்பிரேஜ், பிராங் பிலிப்ஸ், ஜோசப் மக்ளவுட் என்னும் பெயர்கள் குழந்தைகளுக்குந் தெரிந்தன. இரவு 9 மணிச் செய்திக்கு முன், குடும்பங்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்வது அன்றாடக் கடன்போலாயிற்று.

அந்தக் குரல்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து ஒலித்தவை என்று எண்ணிவிடலாகாது. 1940 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள் இரவு, பி. பி. ஸி. தலைமைக் கட்டடத்தின் மேல்மாடிச் சாளரம் வழியாக ஒரு குண்டு உள்ளே விழுந்தது. உடனே வெடிக்காமற் கிடந்த அது, 9 மணிச் செய்தி தொடங்கிய சிறிது நேரத்தில் வெடித்தது. ஏழு ஊழியர்கள் மாண்டனர். அவ்வேளையிற் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர் பெல்பிரேஜ். கலையகத்திலே சுண்ணாம்புத் தூசி சொரிந்தது. நேயர்கள் கேட்டது மெல்லிய அதிர்வொலி ஒன்று, ஒரு சிறு இடைநிறுத்தம், அவ்வளவே. தாளின்மீது படிந்த தூசியை ஊதிவிட்டு அவர் வாசிப்பைத் தொடர்ந்தார்.

இனி, இக்கதையின் மறுபக்கத்துக்கு வரவேண்டும். 1941 ஆம் ஆண்டு நவம்பரிலே, இலண்டன் செய்தி வாசிப்போர் வரிசையில் ஒரு புதியவர் சேர்க்கப்பட்டார். அவர் பெயர் வில்பிரட் பிக்கிள்ஸ். வட இங்கிலாந்தில் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள ஹலிபக்ஸ் நகரிலே 1904 ஆம் ஆண்டிற் பிறந்தவர். கட்டடத் தொழிலில் ஈடுபட்டவர். நாடக ஆர்வத்தினால் வானொலிக்கு வந்து, மன்செஸ்டர் நிலையத்திலே அறிவிப்பாளராக இருந்தவர். அவரை இலண்டனுக்கு அழைத்ததற்குத் தகவல் அமைச்சர் பிரெண்டன் பிராக்கனின் எண்ணமே காரணம் என்று சொல்லப்பட்டது. வடநாட்டு உச்சரிப்பை ஜேர்மனியர் போலி செய்வது கடினமாயிருக்கும் என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கம்.

பிக்கிள்ஸ் கொச்சைமொழியிலே செய்தி வாசித்தார் என்று கருதலாகாது. தாளில் எழுதியிருந்த அதே வாக்கியங்களையே அவரும் வாசித்தார். வேற்றுமை சில உயிரொலிகளில் மட்டுமே இருந்தது. வகுப்பு என்று பொருள்படும் 'கிளாஸ்' என்ற சொல்லில் தென்னாட்டார் அகரத்தை நெடிலாக நீட்டுவர். வடநாட்டார் அதனையே குறிலாக ஒலிப்பர். இவ்வளவு சிறிய வேறுபாடு போதுமானதாயிருந்தது. அதற்குமேல், நள்ளிரவுச் செய்தியை முடிக்கும்போது, வடநாட்டு மக்களுக்கென்று தனியாக, 'குட் நைட்' என்பதை அவர்கள் வழக்கிலேயே 'குட் நீட்' என்று சொல்லி விடைபெற்றார். பத்திரிகைகள் அதனைப் பெருஞ் செய்தியாக்கின. கேலிச் சித்திரங்கள் வெளிவந்தன. பாராட்டியவர்கள் உண்டு, கடிந்து எழுதியவர்களும் பலர். அவருடைய வாயிலிருந்து வரும் செய்தியை நம்ப முடியவில்லை என்று கூறப்பட்டதுதான் அவற்றுள் மிகக் கூர்மையான குறை.

எவ்வளவு விந்தையான நிலை! சுவீடிஷ் பெற்றோரின் மைந்தர் வாசித்தால் அது இங்கிலாந்தின் குரல். இங்கிலாந்து மண்ணிலே பிறந்து வளர்ந்த தொழிலாளி ஒருவர் அதே வாக்கியத்தை வாசித்தால் அது ஐயத்துக்குரியது. இதிலே லிடெலின் குற்றம் ஏதுமில்லை. கேட்பவர்கள் உண்மையை ஒலியோடு சேர்த்துப் பல ஆண்டுகள் பழகியிருந்தனர். அதிகாரம் எந்த உச்சரிப்பிற் பேசியதோ, அந்த உச்சரிப்பிலேயே உண்மையும் பேசும் என்று அவர்கள் காது தீர்மானித்துவிட்டது. அதிலும் வருந்தத்தக்கது, தம் வீட்டுப் பேச்சை ஒத்த பேச்சையே பெரிய விடயங்களுக்குத் தகாதது என்று எளிய மக்கள் ஒதுக்குவதாகும். பி. பி. ஸி. நிலையமே அந்தப் பழக்கத்தை ஊட்டியது. அதனை மாற்ற முயன்றபோது தன் மாணவர்களாலேயே எதிர்க்கப்பட்டது.

பிக்கிள்ஸ் இலண்டனில் நெடுநாள் தங்கவில்லை, வடநாட்டுக்கே திரும்பினார். ஆனால், அவர் தோற்றுப்போனவர் அல்லர். 1946 ஆம் ஆண்டிலே 'ஹவ் எ கோ' என்ற வினாவிடை நிகழ்ச்சியைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று எளிய மக்களை ஒலிவாங்கியின் முன் பேசவைத்தார். மனைவியார் மேபலும் அதிலே பங்குகொண்டார். 1967 ஆம் ஆண்டுவரை நடந்த அந்நிகழ்ச்சியை, அதன் உச்சக்கட்டத்தில் ஏறக்குறைய இரண்டு கோடி மக்கள் கேட்டனர். செய்தி சொல்ல ஒவ்வாது என்ற குரல், சிரிக்கவும் உறவாடவும் நாட்டுக்கே ஒவ்வியது. அக்குரலுக்கு இடமளித்த போதிலும், இன்ன இடத்துக்கு இன்ன குரல் என்ற வரம்பு மட்டும் அப்படியே நின்றது.

லிடெலிடம் மீள்வோம். அவருடைய சிறப்பு வெறும் உச்சரிப்பில் இருக்கவில்லை. உச்சரிப்பு அழகாயிருந்தும் செய்தியைக் கொலைசெய்வோர் எக்காலத்திலும் உளர். அவர் வாசித்தது பொருளை. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் தாங்கி நிற்கின்றது என்று முன்னரே கண்டு, அதன்மீது மட்டும் குரலை ஊன்றி, ஏனையவற்றை இயல்பாகச் செல்லவிடுதல் அக்கலை. 'பிரதமர் இன்று பாரிஸுக்குச் செல்லவில்லை' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'பிரதமர்' என்பதை அழுத்தினால் வேறு யாரோ சென்றார் என்பது பொருள். 'இன்று' என்பதை அழுத்தினால் நாளை செல்வார் என்பது குறிப்பு. 'பாரிஸுக்கு' என்பதை அழுத்தினால் வேறோர் ஊருக்குச் சென்றாராகும். தமிழிலே 'தான்', 'ஏ', 'உம்' முதலிய இடைச்சொற்கள் இவ்வேலையிற் பெரும்பகுதியை எழுத்திலேயே செய்து தந்துவிடுகின்றன. ஆங்கிலத்திலோ, அது பெரும்பாலும் வாசிப்பவனின் குரலிலேயே விடப்பட்டிருக்கின்றது. பிழையான சொல்லில் ஊன்றிவிட்டால், தாளில் உள்ள எழுத்து ஒன்றுகூட மாறாமலே செய்தி பொய்யாகிவிடும். போர்க்காலத்திலே ஒரு கப்பல் மூழ்கிய செய்தியைக் கேட்கும் வீட்டிலே மாலுமி ஒருவனின் தாய் இருக்கக்கூடும். அத்தகைய வீட்டுக்குச் செல்லும் வாக்கியத்தில் மிகையான துயரமும் கூடாது, பரபரப்புங் கூடாது, மயக்கமும் கூடாது. இசை பயின்றமை லிடெலுக்கு இதிலே பெரிதும் உதவியிருத்தல் வேண்டும். எங்கே மூச்சு விடுவது என்று அறிந்தவரே எங்கே நிறுத்துவது என்றும் அறிவார்.

1943 ஆம் ஆண்டிலே அவர் விமானப்படையிற் சேர்ந்து சிறிது காலம் பணியாற்றி, மீண்டும் நிலையத்துக்குத் திரும்பினார். போர் முடிந்ததும் பெயர் சொல்லும் வழக்கமும் முடிந்தது. பகைவன் இல்லாதபோது பெயருக்கு என்ன தேவை என்று நிலையம் பழைய மரபுக்கே மீண்டது. 1960 களிலேதான் செய்தி வாசிப்போர் மறுபடியும் பெயர் பெற்றனர். 1946 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் நாள், உயர்ந்த இசைக்கும் இலக்கியத்துக்கும் ஆய்வுரைகளுக்குமென 'மூன்றாவது நிகழ்ச்சி' என்ற புதிய ஒலிபரப்புத் தொடங்கியபோது, லிடெல் அதன் தலைமை அறிவிப்பாளரானார். 1952 ஆம் ஆண்டில் செய்தி வாசிப்புக்கே மீண்டு வந்தார். 1964 ஆம் ஆண்டில் எம். பி. ஈ. விருது பெற்று, 1969 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றபின் பத்து ஆண்டுகள் பிறர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1979 ஆம் ஆண்டிலே, பி. பி. ஸி. வெளியிட்டு வந்த 'லிஸனர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் செய்தி வாசித்தல் என்னுஞ் சொல்லின் ஓரொலியை மாற்றி, களை என்ற பொருள் தோன்றுமாறு அதற்குத் தலைப்பிட்டிருந்தார். வானொலியிலே பேச்சின் தரம் தாழ்ந்துவிட்டது என்பதே அவர் முறையீடு. முதியவரின் முணுமுணுப்பு என்று நிலையம் அதனை ஒதுக்கிவிடவில்லை. பேசப்படும் ஆங்கிலத்தின் தன்மையை ஆராய மூவர் நியமிக்கப்பட்டனர். ஒருவர் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் பிற்சேர்க்கையைப் பதிப்பித்துக்கொண்டிருந்த ரொபேர்ட் பேர்ச்பீல்ட், பிறப்பால் நியூசீலாந்தர். மற்றொருவர் பேராசிரியர் டெனிஸ் டொனகியூ, அயர்லாந்தர். மூன்றாமவர் முன்னாள் அறிவிப்பாளர் அன்ட்ரூ திமொதி. இம்முறையும் ஆங்கிலத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்டவர்களுள் இருவர் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்களே. பேர்ச்பீல்ட் 1981 ஆம் ஆண்டிலே ஒலிபரப்பாளருக்கென ஒரு சிறு வழிகாட்டி நூலையும் வெளியிட்டார்.

லிடெலின் முறையீட்டிலே நியாயம் இருந்தது. ஒரு பகுதியில் மட்டும். சொல்லை விழுங்குவதும், அழுத்தம் பிழைப்பதும், மூச்சு முட்டுமிடத்தில் வாக்கியத்தை உடைப்பதும் எந்த வட்டாரத்தான் செய்தாலும் குறையே. ஆனால், அவர் காலத்துத் தெளிவும் அவர் காலத்து வகுப்புச் சாயலும் ஒரே குரலிற் பின்னிக் கிடந்தமையால், ஒன்றைக் காக்க விரும்பியோர் மற்றதையும் சேர்த்தே காத்தனர். ஒன்றை வெறுத்தோர் மற்றதையும் சேர்த்தே உதறினர். பிக்கிள்ஸின் குறில் அகரத்திலே தெளிவுக்கு எக்குறையும் இருக்கவில்லை.

பிக்கிள்ஸ் 1978 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காலமானார். லிடெல் 1981 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆம் நாள், தம் எழுபத்திரண்டாவது வயதில் மறைந்தார். செய்தியறையை விட்டும் அவர் வாசிப்பை விடவில்லை. கண்பார்வை இழந்தோருக்கென 200 க்கு மேற்பட்ட நூல்களை அவர் முழுமையாக வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்திருந்தார். அந்நாடாக்களை வரவழைத்து, தம் வீட்டிலே தனியே அமர்ந்து கேட்டவர்களுட் பலர், போர்க்காலத்து இரவுகளில் 9 மணிக்கு அதே குரலுக்காகக் காத்திருந்தவர்கள்.